நீளம்

டொக்டர் மெல்னிக் நான்கு நிமிடம் பேசினார்.
நான் சுகிர்தாவிடம் சொன்னேன்:
"சின்ன ஒப்பரேஷனாம். செய்தால் நல்லதாம்."

எட்மன்டனில் அன்று கழித்தல் இருபத்தாறு.
பனிச்சப்பாத்தைக் கழற்ற மறுத்த மகள்
தரையின் நீலக் கட்டங்களில் மட்டும் கால் வைத்துத்
தாண்டிக்கொண்டிருந்தாள்.
நாலு வயது. இயலினி.
முதுகின் அடியில் ஒரு மெத்தென்ற புடைப்பு,
உடுப்பு மாற்றும்போது மட்டும் கைக்குத் தெரிவது.

டொக்டர் மறுபடி பேசினார்.
படத்தில் தண்டுவடத்தின் நுனியைப் பேனாவால் தொட்டார்.
விரல்களை விரித்தார், மடக்கினார்.
காலைக் காட்டினார், வயிற்றுக்குக் கீழே காட்டினார்.
நூறு என்றார். மூன்று என்றார்.
நான் சொன்னேன்:
"பயப்பிட ஒண்டுமில்லையாம்."

சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை.
"அவ இவ்வளவு நேரம் கதைச்சவ.
காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினவ.
நீங்கள் சொன்னதில காலே இல்லையே."

அவள் வந்து ஆறு வருடம்.
வங்கியில், வரிக் கந்தோரில், வீட்டுச் சொந்தக்காரனிடம்
எங்கள் குடும்பத்தின் நாக்கு நான்.
கசப்பை வடித்துக் கொடுப்பது
அன்பு என்றே நினைத்திருந்தேன்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
நீளம் தெரிந்திருக்கிறது.
பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, மெதுவாக,
"நீங்கள் அப்பாவாக மட்டும் இருங்கள்" என்றார்.
மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தினார்.

எங்கோ ஓர் அறையிலிருந்து ஒரு பெண்குரல்
தன் இலக்கத்தைச் சொல்லி வணக்கம் சொன்னது.
மதுரைப் பக்கத் தமிழ்.
பிறகு எல்லாம் வந்தது, ஒன்று விடாமல்:

நரம்பின் நுனி கொழுப்பில் ஒட்டியிருக்கிறது.
பிள்ளை வளர வளர அது இழுபடும்.
இப்போது ஓடுகிற கால் ஒருநாள் ஓடாமல் போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.
பிரித்துவிட்டால் அநேகமாக இழுபடாது.
பிரிக்கும்போதே, நூறு பிள்ளைகளில் மூன்று பேருக்குக்
கால் தளரலாம், சிறுநீர் அடங்காமல் போகலாம்.
எந்த மூன்று பேர் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது.
காத்திருப்பதும் ஒரு வழிதான். அதற்கும் விலை உண்டு.

அந்தத் "தெரியாது"
ஆங்கிலத்தில் நான் ஏற்கெனவே கேட்டதுதான்.
தமிழில் கேட்டபோது
கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்வீர்களா?
சோதனை உங்களுக்கில்லை, எனக்கு."

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள்.
"வள்ளம் கட்டைக் கயித்தில கட்டிக் கிடக்கு.
தண்ணி ஏற ஏற அணியம் கீழ இழுபடும்.
கயித்தை வெட்ட வேணும்.
ஆனா இருட்டுக்குள்ள வெட்டேக்க
வள்ளத்தில கத்தி படலாம்."

தொலைபேசி தயங்கியது.
"அணியம்னா என்னங்கம்மா?"
"முன்பக்கம், பிள்ளை."

ஆங்கிலம் போய்ச் சேர்ந்ததும்
டொக்டர் சிரிக்கவில்லை.
தண்டுவடத்தின் ஓரத்தில் ஒரு வள்ளம் வரைந்தார்.
"இருட்டு இல்லை. விளக்கும் பூதக்கண்ணாடியும் உண்டு.
கத்தி படலாம் என்பது சரி."

"அந்த மூண்டு பேரில ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒருவனை. பதினொரு வயது. காலில் பட்டி போடுகிறான்.
வருடத்துக்கு ஒருமுறை வருவான்.
என்னோடு கதைக்க மாட்டான். அவன் அம்மா கதைப்பார்."

இதை மொழிபெயர்க்கையில்
குரல் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது.
சுகிர்தா தலையசைத்தாள்.
நன்றியை அவளே ஆங்கிலத்தில் சொன்னாள்.

கையெழுத்து வைக்கவில்லை.
அடுத்த வியாழன் வரச் சொன்னார்.

வாகனத் தரிப்பிடத்தில், காசு கட்டும் இயந்திரத்தின் முன்
வங்கி அட்டையை நீட்டினேன். எழுத்துகள் ஓடின.
"என்னவாம்?"

இரண்டு மணி நேரத்துக்குப் பதினாலு டொலர் இருபத்தைந்து.
பதினைந்து நிமிடத்துக்குள் வெளியேற வேண்டுமாம்.
சீட்டைத் தொலைத்தால் முழுநாள் காசாம்.
கட்டியதைத் திருப்பித் தர மாட்டார்களாம்.

இயலினி சப்பாத்தோடு
என் பாதத்தின் மேல் ஏறி நின்றாள்.

"வேற?"

மேலிருந்து கீழாக
இன்னொருமுறை வாசித்தேன்.